நன்மங்கலம் போன்ற ஊரோரக் காட்டில் பருவம் மாறுவதை எப்படிப் பார்ப்பது?

சென்னை மேடவாக்கத்தில் குடியிருக்கிறீர்கள், ஞாயிறு காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரமாக நடக்கிறீர்கள். "மயிலைத் தவிர ஒன்றும் கண்ணில் படுவதில்லை. வருஷம் முழுக்க ஒரே முள்ளும் புதருமாகத்தான் இருக்கிறது. எந்த மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்? எப்படிப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி, அந்த மயிலிலிருந்தே தொடங்குவோம். பங்குனி, சித்திரையில் ஆண்மயிலைப் பாருங்கள். தோகை முழு நீளத்துக்கு வளர்ந்து தரையில் இழுபடும், அகவல் ஓயாது. இனப்பெருக்கம் முடிந்ததும் தோகை இறகுகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் அதே காட்டுக்குப் போனால் வெறும் குட்டை வாலோடு நடமாடும் ஆண்மயில்களைப் பார்ப்பீர்கள். கழுத்தின் நீலம் மட்டும் மாறாமல் இருப்பதால்தான் அது ஆண் என்று தெரியும். தை, மாசிக்குள் தோகை மறுபடி நீண்டுவிடும். ஆக, நீங்கள் பார்த்த ஒரே ஒரு பறவையிலேயே ஒரு வருஷம் முழுவதும் எழுதியிருக்கிறது. தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நம் பக்கத்துக் காட்டில் பருவம் தெரியவில்லை என்று பலரும் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளிப் பாடத்திலும் படங்களிலும் பார்த்த பருவங்கள் குளிர்நாட்டுப் பருவங்கள்: இலை சிவக்கும், உதிரும், பனி மூடும், பிறகு துளிர்க்கும். அங்கே மரத்துக்குக் கட்டளை போடுவது குளிரும் பகல் நீளமும். இங்கே பெரும்பாலும் தண்ணீர்தான். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்க்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அவ்வப்போது சாயங்கால இடிமழை. ஜனவரி தொடங்கி மே வரை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கிடைத்த தண்ணீரைப் பிடித்து வைத்து நீண்ட வறட்சியைத் தாண்டுவதற்காகவே காரை, களா, சூரை, சங்கஞ்செடி எல்லாம் சிறு இலையும் முள்ளுமாக, தரையோடு அடர்ந்து நிற்கின்றன. அதனால் இந்தக் காட்டில் பருவத்தைத் தேட வேண்டிய இடம் மரத்தின் உச்சி அல்ல. தரையில், புதருக்குள், சத்தத்தில் தேட வேண்டும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பிரித்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆவணியில் தொடங்கி இரண்டிரண்டு மாதம். காட்டில் நடப்பவருக்கு இந்தக் கணக்கு இன்றைக்கும் நன்றாகவே பொருந்துகிறது. நாட்குறிப்பில் ஆங்கில மாதத்தோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆரம்பித்தால் பாதிக் கதையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆவணியில் ஆரம்பித்தால் முதலிலிருந்து பார்க்கலாம்.

ஆவணி, புரட்டாசியில் இடிமழைகள் விழுந்து மண் நனைந்திருக்கும். நனைந்த மறுநாள் காலையில் செம்மண் தரையைக் குனிந்து பாருங்கள். அதுவரை எங்கே இருந்தது என்றே தெரியாத சிவப்புப் பட்டுப்பூச்சி நடந்துபோகும், பொட்டு அளவில், மெத்தென்ற வெல்வெட் உடம்போடு. மகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பிராணி கிடையாது. கையில் எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும். மண்ணுக்குள் இருந்த நாட்களை முடித்து இரை தேடவும் துணை தேடவும் வெளியே வந்திருக்கிறது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். அன்று சாயங்காலம் ஈசல் கிளம்பினால் கரிச்சான் முதல் தேரை வரை எல்லாவற்றுக்கும் விருந்து. அப்புறம் இருட்டியதும் தவளைச் சத்தம். பாறைக்குழியில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் பத்து நிமிஷம் சும்மா நின்றால் எத்தனை வகைக் குரல் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

இதே மாதங்களில்தான் ஒரு விருந்தாளி வந்து சேரும். பழுப்புக் கீச்சான். சைபீரியா பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருவது. சிட்டுக்குருவியைவிடப் பெரியது, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியது போல ஒரு பட்டை, கொக்கி மாதிரி வளைந்த அலகு. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் கேட்பீர்கள். வந்த புதிதில் விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் புதர் உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று கத்திக்கொண்டே இருக்கும். வேறொன்றுமில்லை, "இந்த இடம் என்னுடையது" என்று அறிவிப்பு. இடத்தகராறு தீர்ந்ததும் சத்தம் குறைந்துவிடும். இந்தப் பறவைக்கு ஒரு பழக்கம்: பிழைத்திருந்தால் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கே வரும். காலில் வளையம் போட்டு ஆராய்ந்தவர்கள் இதை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே நீங்கள் நடக்கும் பாதையில் ஒரு கீச்சான் எந்தப் புதரைப் பிடித்திருக்கிறது என்று குறித்துவையுங்கள். சித்திரையில் அது கிளம்பிப் போகும். ஆவணி கடைசியில் அந்தப் புதருக்குக் கீழே போய் நில்லுங்கள். நகரத்தின் ஓரத்தில், குப்பை லாரி போகும் சாலைக்கு அருகில் இருக்கும் ஒரு முட்புதரை, பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் ஒரு உயிர் தன் வீடு என்று நினைவில் வைத்திருக்கிறது. இந்தக் காட்டை "சும்மா கிடக்கும் தரிசு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஐப்பசிக்கு வருவோம். ஆண்டிலேயே இந்தக் காட்டுக்கு மிகச் சிறந்த நாட்கள் இவை. மழை நின்ற காலை கிடைத்தால் வேறு வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போங்கள். அப்போது தேட வேண்டியது ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் ஆடி, ஆவணி மழையில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே இறங்கி வரும். புரட்டாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை நம் பக்கம் தங்கும். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், மஞ்சள் கலந்த மார்பு, வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புக் கோடு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அது கண்ணில் படாமல் இருப்பதற்குக் காரணம், எப்போதும் தரையிலேயே, புதருக்கு அடியில், நிழலில் இருப்பதுதான்.

அதனால் நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. காலை ஆறு மணிவாக்கில் இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்கும். முதல் சுரம் ஏறும், அடுத்தது இறங்கும். எங்கிருந்து வருகிறது என்று திசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் காய்ந்த இலை சேர்ந்திருக்கும் இடமாகப் பார்த்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். காத்திருங்கள். முதலில் பறவை தெரியாது, ஒரு இலை புரளுவது தெரியும். பிறகு இன்னொன்று. அலகால் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் எடுத்துத் தின்றுகொண்டே இரண்டு குதி, ஒரு நிற்றல் என்று நகர்ந்து வரும். குட்டை வால் மெல்ல மேலும் கீழும் ஆடும். நீங்கள் அசையாவிட்டால் பத்தடி தூரம் வரைகூட வந்துவிடும்.

இந்தப் பறவை இரவில்தான் வலசை போகிறது. அதனால் ஐப்பசியில் சென்னை வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் களைத்து வந்து விழுவதுண்டு. உங்களுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டிக்குள், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். தெளிந்திருந்தால் பொழுது சாயும் நேரத்தில் மரமும் புதரும் உள்ள இடத்தில் விட்டுவிடலாம். காயம் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அதே சருகுத் தரையில், அதே மாதங்களில், இன்னும் இரண்டு பேர் இருக்கக்கூடும். செந்தலைப் பூங்குருவி, கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும்போது இது மட்டும் இடமும் வலமுமாக ஆட்டும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. மர உச்சியில் மாங்குயில். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் வெள்ளை நாடா வாலோடு அரசவால் ஈபிடிப்பான்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இது பெரிய நேரம். வடகிழக்கு மழை தொடங்குவதை ஒட்டி, நீல நிறப் புள்ளியும் கோடும் கொண்ட வரியன்களும், வெள்ளைப் புள்ளி வைத்த கருப்பன்களும் கிழக்குச் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் கூட்டமாக வலசை போகின்றன. கோடையின் கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன், மலைப்பக்கமிருந்து சமவெளிக்கு வருகின்றன. இவை எல்லாம் ஒரே திசையில் போகின்றனவா என்று பார்ப்பதுதான் வலசையை அடையாளம் காணும் எளிய வழி. கிலுகிலுப்பைச் செடியோ தேள்கொடுக்குச் செடியோ வாடிக் காய்ந்து நின்றால் அங்கே நில்லுங்கள். ஆண் பூச்சிகள் பூவை விட்டுவிட்டுக் காய்ந்த தண்டில் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்தச் செடிகளில் உள்ள ஒருவகைக் கசப்பு வேதிப்பொருளை உறிஞ்சித்தான் பெண்ணைக் கவரும் மணத்தை அவை தயாரிக்கின்றன.

உங்கள் மகளுக்கு ஒரு தனி வேலை கொடுங்கள். பாதையோரத்தில் ஒரு எருக்கஞ்செடியைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாரமும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெந்தய வரியன் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அங்கே ஒவ்வொரு முட்டையாக இடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு வெளிவரும். உடம்பில் கொம்பு போல மூன்று ஜோடி கறுப்பு நீட்சிகள் இருக்கும். எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடாது. புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று முழுச் சுற்றும் சில வாரங்களில் முடிந்துவிடும், அதுவும் வருஷத்தில் பல முறை. கோடையில் முட்டை குறைகிறதா, மழைக்குப் பின் கூடுகிறதா என்று அவளே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும்.

கார்த்திகையில் வேலிகளில் செங்காந்தள் பூத்திருக்கும். அழகாக இருக்கிறது என்று கிழங்கைத் தோண்டக் கூடாது. முழுச்செடியும் நஞ்சு. மார்கழி, தை மாதங்களில் புல் பழுக்கும், இலந்தையும் பழுக்க ஆரம்பிக்கும். பாதைக்குக் குறுக்கே பெரிய சிலந்தி வலைகள் பனித்துளியோடு நிற்கும். குனிந்து போங்கள், கிழிக்காதீர்கள். பழைய கல்குவாரிப் பக்கம் பொழுது சாயும்போது ஆழமான, தூரத்துக்குக் கேட்கும் ஒரு குரல் வந்தால் அது கொம்பன் ஆந்தை. நன்மங்கலம் இந்த ஆந்தைக்குப் பேர்போன இடம். பாறை விளிம்பில் வெறும் தரையில் முட்டையிடும், மழைக்காலம் முடிந்து கோடை தொடங்கும் வரை குஞ்சு வளர்க்கும். எலியைத் தின்றே பெரும்பாலும் பிழைக்கிறது. தூரத்திலிருந்து மட்டும் பாருங்கள். கூட்டின் இடத்தைப் படத்தோடு ஊருக்குச் சொல்ல வேண்டாம், பிளாஷ் அடிக்க வேண்டாம். மாந்திரீகம் என்ற பெயரில் ஆந்தையைப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாசி, பங்குனியைக் காய்ந்த மாதங்கள் என்று தள்ளிவிடாதீர்கள். ஒதியமரம் ஒரு இலைகூட இல்லாமல் நிற்கும். வேம்பு சில நாட்களுக்குள் பழைய இலையைக் கொட்டிச் செம்பு நிறத்தில் துளிர்த்துப் பூவுக்குத் தயாராகும். ஒரு சொட்டு மழை இல்லாத நேரத்தில் இந்தத் தளிர் எப்படி வருகிறது? வேர் ஆழத்தில் மழைக்கால ஈரம் இன்னும் இருக்கிறது, இலையைக் கொட்டியதால் செலவும் குறைந்திருக்கிறது. குயில் கூவத் தொடங்குவதும் இப்போதுதான், ஏனென்றால் காகம் கூடுகட்டும் காலம் நெருங்குகிறது. குவாரியின் மண்சரிவில் பஞ்சுருட்டான் பறவைகள் வளை தோண்டும். வெட்டவெளியில் ஆள்காட்டிக் குருவி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் அங்கேயே நின்று காலடியைப் பாருங்கள். கூழாங்கல்லோடு கல்லாக முட்டை இருக்கும். வந்த வழியே திரும்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் முட்டை வெந்துபோகும். பாறை நிழலில் பொடிமண் இருந்தால் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள் தெரியும், குழியானை என்ற பூச்சியின் வேலை. மழை வந்தால் அவை இருக்காது.

சித்திரை, வைகாசியில் கொன்றை. காட்டோரத்தில் ஒரு மரம் போதும், முழுக்க மஞ்சளாகத் தொங்கும். சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூ. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை "அறிவில்லாதது" என்று தோழி சொல்லித் தலைவியைத் தேற்றுவாள். இன்று நம் பக்கம் கோடையில் பூத்துக் குலுங்கிவிட்டு, நல்ல இடைமழை கிடைத்தால் ஆவணி வாக்கில் சில மரங்கள் மறுபடி கொஞ்சம் பூக்கும். எந்த மழைக்கு எந்த மரம் எத்தனை நாளில் பதில் சொல்கிறது என்பதை நேரில் குறிக்க இதைவிட வசதியான மரம் இல்லை. கொன்றை, வேம்பு, புங்கை மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொண்டு வாரா வாரம் இலை, மொட்டு, பூ, காய் என்று குறித்து வாருங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இந்தக் குறிப்புகளைப் பதிவு செய்யலாம். நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

ஆனி, ஆடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயில், காற்று, பழுத்த வேப்பம்பழம், அதைத் தின்ன வரும் சின்னான் குருவிகள். பனையிலும் ஈச்சமரத்திலும் தூக்கணாங்குருவி கூடு பின்ன ஆரம்பிக்கும். காலை ஏழரைக்குள் திரும்பிவிடுங்கள்.

இனி எப்படிப் பார்ப்பது. ஒரே பாதை, ஒரே நேரம். ஒவ்வொரு வாரமும் புதுப் பாதையில் போனால் மாறியது காடா, நீங்கள் நின்ற இடமா என்று தெரியாது. பாதையில் நாலைந்து நிறுத்தங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மரம், ஒரு புதர், ஒரு பள்ளம், ஒரு வெட்டவெளி. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிஷம் எல்லாம் உங்களைக் கண்டு பதுங்கியிருக்கும், அதற்குப் பிறகுதான் நடமாட்டம் ஆரம்பிக்கும். நீங்கள் இதுவரை மயிலை மட்டும் பார்த்ததற்கு முக்கியக் காரணம் நிற்காமல் நடந்ததாகத்தான் இருக்க வேண்டும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும், கேமரா பிறகு பார்க்கலாம். படம் எடுக்கும் அவசரத்தில் காது மூடிக்கொள்ளும்.

குறிப்பேட்டில் பார்த்ததை மட்டும் எழுதாமல் பார்க்காததையும் எழுதுங்கள். "இன்று கீச்சான் இல்லை" என்ற வரிக்கு ஆவணியில் பெரிய மதிப்பு உண்டு. முன்தினம் மழை பெய்ததா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். பறவைப் பட்டியலை இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் உங்கள் நிறுத்தங்களின் கணக்கு மற்றவர்களுக்கும் பயன்படும். பெயர் தெரியாத பூச்சிக்கும் செடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி உதவும். ஆனால் பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடாதீர்கள். பல நாள் பறந்து வந்த ஆறுமணிக்குருவிக்கு இல்லாத எதிரியோடு சண்டை போட வைப்பது கொடுமை.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வேலி தாண்டாதீர்கள். மேலே சொன்னதில் பெரும்பகுதியைக் காட்டோரப் பாதையிலேயே பார்த்துவிடலாம். செருப்பு வேண்டாம், கணுக்கால் வரை மூடிய காலணி போடுங்கள். கல்லிடுக்கிலும் சருகுக்குள்ளும் கைவிடக் கூடாது, கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வாழும் நிலம் இது. இன்னொன்று: நல்லெண்ணத்தோடு இங்கே மரக்கன்று நட வருபவர்கள் உண்டு. தயவுசெய்து அதில் சேர வேண்டாம். கௌதாரிக்கும் ஆள்காட்டிக்கும் முயலுக்கும் வேண்டியது இந்த வெட்டவெளியும் முட்புதரும்தான். அதை நிழற்சோலை ஆக்கினால் அவற்றுக்கு இடமில்லாமல் போகும். கன்று நட ஆசை என்றால் தெருவில் ஏகப்பட்ட இடம் இருக்கிறது.

தனியாகப் பெயர் கற்றுக்கொள்வது சிரமமாக இருந்தால் ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். 2015 முதல் நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவிட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம். அப்போது கீச்சானும் ஆறுமணிக்குருவியும் ஊரில்தான் இருக்கும், இலந்தையும் பழுத்திருக்கும். கூட வரும் அனுபவசாலிகள் யாராவது ஒரு விசிலைக் கேட்டதும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மட்டும் நீங்களும் மகளும் கவனித்துக்கொள்ளுங்கள்.